உடம்புக்குப் படியளந்தது யார்?

கறவை மாட்டுக்கு ஒரு நாளைக்கு என்ன செலவாகும் என்று எங்கள் கணியம்பாடி பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். புண்ணாக்கு எவ்வளவு, தவிடு எவ்வளவு, வைக்கோல் கட்டு என்ன விலை, பால் ஊற்றி வந்த காசு எவ்வளவு என்று விரல் விட்டு எண்ணுவார்கள். எருது விடும் விழாவில் ஓட்டுவதற்கென்றே காளை வளர்க்கிற வீடுகளிலும் இதே கதைதான். அந்தக் காளை ஏருக்கும் வராது, வண்டிக்கும் வராது. பருத்திக்கொட்டையும் பேரீச்சம்பழமும் முட்டையும் தின்னும். "நஷ்டம்னு தெரிஞ்சேதான் வளக்குறேன், இப்ப இன்னா?" என்று சொந்தக்காரர் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வார். நஷ்டமோ லாபமோ, கணக்கு அவர் கையில் இருக்கிறது.

மனுஷப் பிள்ளையை ஒரு சண்டைக்கலைக்குத் தயார் பண்ண என்ன ஆகும் என்று மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. சிலம்பம், குஸ்தி, குத்துச்சண்டை, கராத்தே எதுவாக இருந்தாலும் வீரம், பாரம்பரியம், ஒழுக்கம் என்றே பேச்சு போகும். காசு பேசினால் கலைக்கு மரியாதைக் குறைவு என்று நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. பலம் என்பது சும்மா வருவதில்லை. யாரோ ஒருவர் படியளந்தால்தான் வரும். அளந்தது யார், அதற்குப் பதிலாகப் போனது என்ன என்று பார்த்துக்கொண்டே வந்தால் நம் ஊர்ப்பக்க வரலாறு பாதி அதற்குள்ளேயே வந்துவிடுகிறது.

ரொம்பப் பழைய கணக்கிலிருந்து ஆரம்பிக்கிறேன். புறநானூற்றில் 80-ஆவது பாட்டிலிருந்து 85 வரை ஆறு பாட்டும் ஒரே ஆளைப் பற்றியவை. சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி. முதல் மூன்றைப் பாடியவர் சாத்தந்தையார், அடுத்த மூன்றைப் பாடியவர் நக்கண்ணையார். முக்காவல் நாட்டு ஆமூரில் ஒரு மல்லனோடு இவன் மற்போர் செய்து ஜெயித்தான். (ஆமூர் என்றதும் நம்ம ஆம்பூரை நினைத்துக்கொள்ள வேண்டாம், அது வேறு ஊர்.) சாத்தந்தையார் அந்தப் பிடியைப் பார்த்தவர் மாதிரியே எழுதியிருக்கிறார். ஒரு காலை எதிராளியின் மார்பில் ஊன்றி, இன்னொரு காலைப் பின்பக்கம் போட்டு வளைக்கிறான். சந்தோஷப்பட்டாலும் சரி, படாவிட்டாலும் சரி, இதை இவன் அப்பன் தித்தன் வந்து பார்க்க வேண்டும் என்கிறார். அப்பனுக்கும் மகனுக்கும் ஒத்துப்போகவில்லை என்பது அதிலேயே தெரிகிறது.

எனக்குப் பிடித்தது நக்கண்ணையாரின் 84-ஆவது பாட்டு. அவன் குடிப்பது வெறும் கூழ்தான், ஆனாலும் தோள் பெருத்திருக்கிறது என்று அந்தம்மா வியக்கிறார். மேடையில் இதைச் சொல்கிறவர்கள் "பார்த்தீர்களா, கூழ் குடித்தே மல்லனை ஜெயித்தான் தமிழன்" என்று முடித்துவிடுவார்கள். விவசாயி காதில் அது வேறு மாதிரி விழுகிறது. கூழைக் குடித்தும் தோள் பெருத்திருப்பதை ஒரு அதிசயமாகப் பாடியிருக்கிறார் என்றால், தோள் பெருக்கக் கூழ் போதாது என்பது அன்றைக்கே எல்லோருக்கும் தெரியும் என்றுதானே அர்த்தம்? அப்பனோடு சரியில்லாத ராஜகுமாரனுக்கே சோற்றுக்கு இந்தப் பாடு. தோற்றுப்போன ஆமூர் மல்லன் என்ன சாப்பிட்டான், அவனுக்கு யார் போட்டார்கள் என்று தெரியாது. அவன் பெயர்கூட அந்தப் பாட்டுகளில் இல்லை.

அடுத்த கணக்கு கல்லில் இருக்கிறது. வேலூரிலிருந்து கணியம்பாடி, கண்ணமங்கலம், போளூர் வழியாகத் திருவண்ணாமலை போய், அங்கிருந்து மேற்கே திரும்பினால் செங்கம். 1989 வரை இதெல்லாம் ஒரே வட ஆற்காடு மாவட்டம். செங்கம் வட்டாரத்தில் கிடைத்த அளவுக்குப் பழைய நடுகற்கள் தமிழ்நாட்டில் ஒரே பகுதியில் கிடைப்பது அபூர்வம். பல்லவர் காலத்துக் கற்கள், வட்டெழுத்து. பெரும்பாலும் மாட்டுக்காக நடந்த சண்டையில் செத்தவர்கள். எடுத்தனூரில் ஒரு கல் இருக்கிறது. மகேந்திரவர்மன் காலத்தது. கருந்தேவக்கத்தி என்பவன் செத்த பிறகும் அவனுடைய நாய் கோவிவன் கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்றது என்று நாய்க்கும் பெயர் எழுதி வைத்திருக்கிறார்கள்.

கல்லைத் தாண்டி இன்னொன்றும் உண்டு. ஊருக்காகச் செத்தவன் குடும்பத்துக்கு நிலம் கொடுப்பார்கள். நெய்த்தோர்பட்டி, உதிரப்பட்டி என்று அதற்குப் பெயர். நெய்த்தோர் என்றாலும் உதிரம் என்றாலும் ரத்தம்தான். ஒருவன் கத்தி பழகி, அந்தப் பழக்கம் கடைசியில் அவன் உயிரை வாங்கினால், ஊர் அவன் பெண்டாட்டி பிள்ளைகளுக்கு உழுது பிழைக்க ஒரு துண்டு நிலம் கொடுத்தது. நல்ல ஏற்பாடா என்றால் சொல்லத் தெரியவில்லை. உயிர் போன பிறகு வருகிற கூலி அது. ஆனால் ஒன்று: அந்தக் காலத்து ஊர், செலவு என்று ஒன்று இருக்கிறது என்பதை ஒத்துக்கொண்டு கல்வெட்டிலேயே எழுதியது.

பிற்பாடு பாளையக்காரர்கள் வந்தார்கள். அவர்களுக்கு ஆள் பலம் வேண்டும், அதனால் பழகினவனுக்குச் சோறும் கிடைத்தது, மானியமும் கிடைத்தது. அதற்கும் முடிவு வந்தது. 1799-ல் கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டார்கள். 1801 அக்டோபரில் மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள். (நம்ம பக்கத்துத் திருப்பத்தூர் இல்லை, சிவகங்கைச் சீமைத் திருப்பத்தூர்.) அதே வருஷம் டிசம்பரில், தெற்குச் சீமையில் ஆயுதங்களை ஒப்படைக்கச் சொல்லிக் கம்பெனி கவர்னர் எட்வர்ட் கிளைவ் பிரகடனம் போட்டார். ஆயுதம் போனதை எல்லாப் புத்தகத்திலும் எழுதுகிறார்கள். ஆயுதம் பழகினவனுக்குப் படியளந்த கையும் அதோடு போனதை எழுதுவதில்லை. கத்தி பழகினவன் கையில் மிச்சம் இருந்தது கம்பு. வயலில் மாடு ஓட்டுகிறவன் கையிலும் அதே கம்புதான்.

அதற்குப் பிறகு பெரிய அளவில் படியளந்தது பட்டாளம். எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரத்தில் வேலூர் கோட்டை. 1806 ஜூலை 10 விடியலில் சிப்பாய்கள் எழுந்த இடம். ஒரு சிப்பாயின் சம்பளம் மாசம் 7 ரூபாய். அந்த 7 ரூபாய்க்கு உடம்பை மட்டும்தான் விற்றோம் என்று அவர்கள் நினைத்திருந்தார்கள். நெற்றியில் குறி கூடாது, தாடி கூடாது, தோல் பட்டை வைத்த புதுத் தலைப்பாகை போட வேண்டும் என்று உத்தரவு வந்தபோதுதான் விலையில் அதெல்லாமும் சேர்த்தி என்று தெரிந்தது. ஒரே நாளில் ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து அடக்கிவிட்டார். சிலரைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார்கள். கலகம் செய்த படைப்பிரிவுகளின் பெயரையே பட்டியலிலிருந்து அடித்தார்கள்.

ஆனாலும் எங்கள் பக்கத்து ஆட்கள் பட்டாளத்தை விடவில்லை. எங்கள் கணியம்பாடி ஒன்றியத்தில்தான் கம்மவான்பேட்டை இருக்கிறது. ராணுவப்பேட்டை என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது. தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்கு ஆள் அனுப்புகிற ஊர். தண்ணீர் நம்பிக்கையில்லாத மானாவாரி நிலத்தில் வேர்க்கடலை போட்டவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று டவுனில் இருக்கிறவர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். மாசமானால் சம்பளம், கேன்டீன், ஆஸ்பத்திரி, கடைசியில் பென்ஷன். விடியக்காலையில் பையன்கள் ரோட்டில் ஓடுவதைப் பார்க்கலாம். 1600 மீட்டர் ஓட வேண்டும், கம்பியில் தொங்கி உடம்பைத் தூக்க வேண்டும், பள்ளம் தாண்ட வேண்டும். அந்த ஓட்டத்துக்கு முடிவில் யார் படியளப்பார் என்று அவனுக்கும் தெரியும், அவன் அம்மாவுக்கும் தெரியும். அதனால் முட்டை வாங்கிக் கொடுக்க யோசிப்பதில்லை.

2022 ஜூனில் அக்னிபாத் திட்டம் வந்தது. 4 வருஷம் வேலை, அதற்குப் பிறகு 25 சதவீதம் பேர் வரைக்கும்தான் தொடரலாம். மற்றவர்களுக்கு ஒரு தொகையைக் கையில் கொடுத்து அனுப்புவார்கள், பென்ஷன் கிடையாது. திட்டம் சரியா தப்பா என்ற சண்டைக்கு நான் வரவில்லை. ஆனால் அதே 1600 மீட்டர், அதே மூச்சு, அதே முட்டை. வரவு பக்கம் மட்டும் மாறிவிட்டது.

அரசாங்கமும் படியளக்காத இடத்தில் என்ன ஆகும்? அதற்குக் குஸ்திக்காரர்கள் கதையைக் கேட்க வேண்டும். காமா பயில்வான் பெயரைக் கேள்விப்படாதவர்கள் குறைவு. 1910-ல் லண்டனுக்குப் போய் வெள்ளைக்கார மல்லர்களைத் திணறடித்தவர். 1928-ல் பாட்டியாலாவில் ஸ்பிஸ்கோ என்ற போலந்துக்காரரை ஒரு நிமிஷத்துக்குள் மண்ணைக் கவ்வ வைத்தார். அவர் குடித்த பாலையும் தின்ற பாதாமையும் பற்றிக் கதை கதையாகச் சொல்வார்கள். அந்தப் பால் பாட்டியாலா மகாராஜா மாதிரியான சமஸ்தானக்காரர்களின் தயவில் வந்தது. 1947-ல் நாடு பிரிந்தது, சமஸ்தானங்களும் போயின. லாகூரில் நோயும் பணமுடையுமாகக் கிடந்தவருக்கு இங்கிருந்து தொழிலதிபர் பிர்லா பணம் அனுப்பினார். 1960-ல் செத்துப்போனார். காமாவுக்கே இந்தக் கதி என்றால் பெயரில்லாத பயில்வான்களை என்ன சொல்ல?

அடுத்தவர் காஷாபா ஜாதவ். மகாராஷ்டிராவில் கராட் பக்கம் கோலேஷ்வர் கிராமத்து விவசாயி வீட்டுப் பிள்ளை. 1948 லண்டன் ஒலிம்பிக்குக்குக் கோலாப்பூர் மகாராஜா அனுப்பி வைத்தார். ஆறாவது இடம். 1952 ஹெல்சின்கிக்குப் போகக் காசில்லை. பம்பாய் அரசாங்கத்திடம் கேட்டார், கிடைக்கவில்லை. அவர் படித்த கல்லூரியின் முதல்வர் கர்தேகர் தன் வீட்டை அடமானம் வைத்து 7000 ரூபாய் கொடுத்தார். ஊர்க்காரர்கள் வீடு வீடாகப் போய் வசூல் பண்ணினார்கள். ஜாதவ் வெண்கலம் வாங்கினார். சுதந்திர இந்தியாவுக்குத் தனி ஆளாக ஒருவர் வாங்கிக் கொடுத்த முதல் ஒலிம்பிக் பதக்கம் அதுதான். திரும்பி வந்தபோது 151 மாட்டு வண்டி கட்டிக்கொண்டு ஊரே அழைக்கப் போனது.

அந்த 151 வண்டியைத்தான் எல்லோரும் சொல்வார்கள். அதற்குப் பிறகு அவர் செய்தது, குஸ்திப் போட்டிகள் நடத்தி அந்தப் பணத்தைக் கொண்டு முதல்வரின் அடமானத்தை மீட்டது. ஒலிம்பிக் பதக்கம் வாங்கிய உடம்பு, ஒரு வீட்டுக் கடனை அடைக்க மறுபடியும் மண்ணில் இறங்கியது. போலீஸில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர், 1984-ல் ரோடு விபத்தில் போய்விட்டார். அர்ஜுனா விருது வந்தபோது அவர் இல்லை.

நம் ஊருக்குத் திரும்பி வருவோம். வேலூர் சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் விளையாட்டில் 77 கிலோ பிரிவில் மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வாங்கினார், 2018 கோல்டு கோஸ்டில் 317 கிலோ தூக்கி இன்னொரு தங்கம். பளுதூக்குதல் சண்டைக்கலை இல்லைதான், ஆனால் உடம்பைக் கட்டுகிற செலவு ஒன்றுதான். அவர் அப்பா பட்டாளத்தில் இருந்தவர், அவரே பளு தூக்கியவர். சதீஷுக்கு ரயில்வேயில் வேலை கிடைத்தது. அப்பாவுக்குப் பட்டாளம் படியளந்தது, பிள்ளைக்கு ரயில்வே படியளந்தது. திறமையும் உழைப்பும் அவருடையவை, அதில் சந்தேகமில்லை. ஆனால் திறமை இருந்தும் இந்த இரண்டும் இல்லாத பிள்ளைகள் எத்தனை பேர் என்று யோசித்துப் பாருங்கள்.

இப்போது எங்கள் வீட்டுக் கணக்கு. என் தம்பி மகள் ஒன்பதாவது படிக்கிறாள், 4 வருஷமாகச் சிலம்பம் பழகுகிறாள். நல்ல கை. அவள் அம்மா ஷூ கம்பெனியில் தைக்கிற வேலை. விடிவதற்குள் கம்பெனி பஸ் வந்து நிற்கும், ஏறிக்கொள்வாள். போன வருஷம் பிள்ளைக்குச் செய்த செலவை அவள் பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருந்தாள். மாசச் சந்தா 500 வீதம் 6000. கிரேடு தேர்வு இரண்டுக்கு 2400. டிரெஸ், கம்பு 2600. ஆறு போட்டிக்கு நுழைவுக் கட்டணம் 4200. ரெண்டு பேர் போய் வந்த பஸ், சாப்பாடு 9000. பாலும் முட்டையும் கடலை உருண்டையும் ஒரு நாளைக்கு 30 ரூபாய் என்று வைத்து 10,950. கூட்டினால் 35,150. அவள் சம்பளத்தில் கிட்டத்தட்ட மூன்று மாசம். போட்டிக்குக் கூடப் போன நாளில் பிடித்த சம்பளம் இதில் சேரவில்லை. முட்டி பிசகி இரண்டு மாசம் கட்டுப் போட்டிருந்த செலவும் சேரவில்லை.

வீட்டில் வரிசையாகக் கோப்பை இருக்கிறது. நுழைவுக் கட்டணம் கட்டினவர்களுக்கெல்லாம் ஏதாவது ஒன்று தருகிற போட்டிகள் இப்போது நிறைய. பெயரில் மட்டும் தேசிய அளவு, சர்வதேச அளவு என்று இருக்கும். தமிழ்நாடு அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத ஒதுக்கீட்டில் 2021-ல் சிலம்பத்தையும் சேர்த்தார்கள். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் விளையாட்டில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. நல்ல விஷயம்தான். ஆனால் அங்கீகாரம் உள்ள போட்டியின் சான்றிதழ்தான் அங்கே செல்லும். கோப்பையின் உயரத்தை யாரும் அளந்து பார்ப்பதில்லை. இதை அந்தப் பிள்ளையின் அம்மாவுக்கு யாரும் உட்கார வைத்துச் சொன்னதில்லை.

உடம்பின் கணக்கும் தனியாக இருக்கிறது. 2024 ஆகஸ்ட் 7 பாரிஸில் வினேஷ் போகட்டுக்கு நடந்ததை எல்லோரும் பார்த்தோம். 50 கிலோ பிரிவில் இறுதிப் போட்டிக்குப் போனவர், ராத்திரி முழுக்கத் தூங்காமல், சாப்பிடாமல், முடியைக்கூட வெட்டிப் பார்த்தும் 100 கிராம் அதிகம் என்று தகுதி இழந்தார். 100 கிராம் என்பது எங்கள் மளிகைக் கடையில் ஒரு காபித்தூள் பொட்டலம். அத்தனை வசதி, டாக்டர், பயிற்சியாளர் இருக்கிற இடத்திலேயே உடம்பை அந்த அளவுக்குப் பிழிகிறார்கள் என்றால், எதுவும் இல்லாத ஊரில் வளர்கிற வயசுப் பிள்ளை பழகும்போது முட்டியையும் முதுகையும் யார் பார்ப்பார்கள்?

ஒரு நாள் தம்பி பெண்டாட்டியிடம் கேட்டேன். "ஏம்மா, இவ்ளோ செலவு பண்றியே, வேலை கெடைக்கும்னு நம்பிக்கை இருக்குதா?"

"அதெல்லாம் தெரியாது மாமா. நான் காலைல ஒக்காந்தா சாயந்திரம் வரைக்கும் மிஷின்ல குனிஞ்ச தலை நிமிர்றதில்ல. அவ நிமிந்து நிக்கிறா. ரோட்ல தனியா வர்றா. அதுக்குன்னு வெச்சுக்கோங்களேன்."

இதற்கு மேல் அவளிடம் நஷ்டக் கணக்கு பேச எனக்கு வாய் வரவில்லை. எருது வளர்க்கிறவர் மாதிரி அவளும் தெரிந்துதான் செலவு பண்ணுகிறாள். ஆனால் எருதுக்காரருக்கு ஊரில் பெயர் வருகிறது. இவள் பெயர் ஆமூர் மல்லன் பெயர் மாதிரி, எங்கேயும் இல்லை.

அதனால் போன ஆடியில் கூழ் வார்த்து முடிந்து ஊர்க் கணக்கு வாசித்தபோது ஒன்று கேட்டேன். பம்பைக்காரருக்கு இவ்வளவு, மைக்செட்டுக்கு இவ்வளவு, சீரியல் லைட்டுக்கு இவ்வளவு, பட்டாசுக்கு இவ்வளவு என்று வரிசையாக வந்தது. சாமி முன்னால் இரண்டு மணி நேரம் கம்பு சுத்தின பிள்ளைகளுக்குத் துண்டு ஒன்று, 101 ரூபாய். பட்டாசில் கொஞ்சம் குறைத்து, பழகுகிற பிள்ளைகளுக்கு வருஷத்துக்கு ஒரு அங்கீகாரம் உள்ள போட்டிக்குப் போய்வரும் செலவையாவது ஊர்ப் பொதுவில் எழுதினால் என்ன என்று கேட்டேன். பெரியவர் ஒருவர் "வாணம் இல்லாம திருவிழாவா?" என்றார். இன்னொருவர் "கேக்கிறதுல தப்பு இல்ல, வர்ற வருஷம் பாக்கலாம்" என்றார். நோட்டில் ஒரு வரி எழுதிக்கொண்டார்கள், தொகை எழுதவில்லை.

டவுனிலிருந்து ஊர்த் திருவிழாவுக்கு வருகிறவர்களுக்கும் சொல்வது இதுதான். வீடியோ எடுங்கள், தாராளமாக எடுங்கள். எடுத்து முடித்ததும் அந்தப் பிள்ளை எந்த வாத்தியாரிடம் பழகுகிறது, மாசம் என்ன கட்டுகிறது, அடுத்த போட்டி எங்கே, பஸ்ஸுக்கு யார் தருகிறார்கள் என்று நாலு வார்த்தை கேளுங்கள். பிள்ளை சொல்லாது, பக்கத்தில் புடவைத் தலைப்பில் தண்ணீர் பாட்டிலைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு நிற்கிற அம்மாவைக் கேளுங்கள். கணக்கு அவளிடம் இருக்கிறது.